முள்ளும் பற்றுக்கம்பியும் ஒரே உறுப்பா? தாவரங்களில் அமைப்பொப்புமையை எப்படித் தீர்மானிக்கிறார்கள்

கேள்வி இது: காகிதப்பூவின் முள்ளும் பூசணியின் பற்றுக்கம்பியும் அமைப்பொத்த உறுப்புகள், அதாவது வேலை வேறானாலும் மூலம் ஒன்றான உறுப்புகள், என்று பள்ளியில் படிக்கிறோம். உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் செயலொத்தவை மட்டுமே, அதாவது வேலை ஒன்று, மூலம் வேறு, என்றும் படிக்கிறோம். முள் குத்துகிறது, கம்பி சுற்றிக்கொள்கிறது. அவை எப்படி ஒன்றாகும்? உருளையும் சர்க்கரைவள்ளியும் மண்ணுக்குள் மாவு சேர்த்துவைக்கும் கிழங்கு. அவை ஏன் ஒன்றில்லை? இன்றைக்கு மரபணுவைப் பார்த்தே இதையெல்லாம் தீர்த்துவிட முடியாதா?

முதல் பகுதிக்குப் பதில் சுலபம். கடைசிப் பகுதிதான் வம்பு. மரபணு ஆய்வு வந்தபிறகு இந்த விஷயத்தில் தெளிவும் கூடியது, குழப்பமும் கூடியது. அந்தக் குழப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் பாதிப் பதில் என்பேன்.

எலுமிச்சையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு இளங்கிளையை வளைத்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்துக்கு மேலே, இலைக்கோணத்தில் நிற்கும். அதன் அடியை ஒட்டி ஒரு சின்ன மொட்டும் இருக்கும். பூக்கும் தாவரங்களில் கிளை பிறக்கும் இடம் இலைக்கோணம்தான். ஆகவே அங்கே எது முளைத்திருந்தாலும் முதலில் வரவேண்டிய சந்தேகம், இது கிளையோ என்பது. இலையாக இருக்க வழியில்லை. இலைதான் கீழேயே இருக்கிறதே. செழிப்பாக ஓடும் சில கிளைகளில் முள்ளின் மேலேயே ஒரு குட்டி இலை ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். இலை தாங்குவது தண்டின் வேலை.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் விவியன் ஐரிஷ் குழுவினர், எலுமிச்சை இனச் செடிகளில் முள்ளைத் தீர்மானிக்கும் இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். டிசிபி என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. கோணத்தில் கிளம்பும் குருத்தின் நுனியிலுள்ள வளர்செல்களை இவை குறித்த நேரத்தில் நிறுத்திவிடுகின்றன. வளர்ச்சி நின்ற நுனி இறுகிக் கூர்மையாகிறது. இரண்டையும் முடக்கியபோது, முள் வரவேண்டிய இடத்தில் இலைவிட்டு வளரும் கிளை வந்தது. முள் என்பது பாதியில் நிறுத்தப்பட்ட கிளை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கஷ்டம்.

இதே கண்ணோடு மற்ற முள்களைப் பாருங்கள். கருவேலமரத்தில் முள் ஜோடியாக வரும், இலையடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அது இலையடிச்செதில் நிற்க வேண்டிய இடம். இலந்தையிலும் அப்படியே, ஆனால் ஒன்று நேராகவும் மற்றது கொக்கிபோலவும் இருக்கும், துணியில் மாட்டினால் லேசில் விடாது. சப்பாத்திக்கள்ளியில் பச்சையாகத் தட்டைப்பலகைபோல் இருப்பது தண்டு, முள்தான் இலை. ரோஜாவிலும் கண்டங்கத்திரியிலும் முள்ளுக்கு இடக்கட்டுப்பாடே கிடையாது. தண்டின் எந்தப் பக்கமும் வரும், கண்டங்கத்திரியில் இலை நரம்பின் மேலேயும் வரும். அது கிளையும் இல்லை, இலையும் இல்லை. தோலும் அதன் அடியில் உள்ள சில அடுக்குகளும் சேர்ந்து எழுப்பிய புடைப்பு. ரோஜா முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாகப் பெயர்ந்து வருவதற்குக் காரணம், உள்ளே தண்டிலிருந்து வரும் குழாய்த்திசு எதுவும் இல்லாததுதான்.

பற்றுக்கம்பியிலும் இதே கதை. பட்டாணியில் கூட்டிலையின் நுனிப்பக்கத்துச் சிற்றிலைகள் கம்பியாகின்றன. செங்காந்தளில் இலை நுனியே நீண்டு சுருள்கிறது. பிரண்டையிலும் திராட்சையிலும் கம்பி இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கணுவில் நிற்கும், கோணத்தில் அல்ல. பூசணிக் குடும்பத்தில் இலைக்கோணத்தின் பக்கவாட்டில் நிற்கும்.

இப்போது பாடப்புத்தக உதாரணத்துக்கு வருவோம். காகிதப்பூவின் முள் கோணத்திலிருந்து வருகிறது. அதே செடியில் அதே மாதிரிக் கோணங்களில்தான் பூங்கொத்தும் வருகிறது. ஆக அது தண்டின் மாறுபாடு. பூசணியின் கம்பி முழுக்கத் தண்டா, தண்டும் இலையும் சேர்ந்ததா என்று நெடுங்காலமாக வாதம் உண்டு. ஆனால் அடிப்படையில் பக்கக் குருத்தின் மாறுபாடு என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். வெள்ளரியில் கம்பி உருவாகத் தேவையான ஒரு மரபணுவை 2015இல் அடையாளம் கண்டார்கள். அதுவும் டிசிபி குடும்பம்தான். இந்த அளவில் இரண்டும் 'கோணக்குருத்தின் மாறுபாடு' என்று சொல்வது சரி. பட்டாணியையும் இந்தப் பட்டியலில் சேர்த்து எழுதுவதைச் சில இடங்களில் பார்க்கிறேன், அது தவறு. பட்டாணியில் கம்பியைத் தீர்மானிக்கும் மரபணு பழுதானால் அந்த இடத்தில் சிற்றிலை வருகிறது, கிளை வருவதில்லை.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. காகிதப்பூவும் பூசணியும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அவற்றின் பொது மூதாதைக்குக் கோணமொட்டு இருந்தது. முள் இருந்ததா? இல்லை. பற்றுக்கம்பி இருந்ததா? அதுவும் இல்லை. ஆகவே கோணக்குருத்து என்ற அளவில் இவை ஒரே உறுப்பு; முள் என்றோ கம்பி என்றோ எடுத்தால் தனித்தனியாக வந்தவை. அமைப்பொப்புமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எதுவாக ஒத்தது?' என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் பதிலுக்கு அர்த்தமே இருக்காது. இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பாதி, ஒருவர் ஒரு அளவிலும் மற்றவர் வேறு அளவிலும் நின்றுகொண்டு போட்டதுதான்.

கொஞ்சம் வரலாறு. ஒரே உறுப்பு வெவ்வேறு விலங்குகளில் வெவ்வேறு வடிவமும் வேலையும் ஏற்றுவந்தாலும் அது ஒரே உறுப்புதான் என்ற வரையறையை 1843இல் தந்தவர் ஆங்கில உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன். அவர் பரிணாமத்தை வைத்துச் சொல்லவில்லை; ஒரு மூலவடிவம் உண்டு என்ற எண்ணத்தில் சொன்னார். பொது மூதாதை என்ற விளக்கத்தை டார்வின் 1859இல் அதன் அடியில் வைத்தார். தாவரத்தில் இந்த யோசனை அதற்கும் முந்தையது. 1790இல் ஜெர்மன் கவிஞர் கோத்தே, புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் ஒரே பக்க உறுப்பின் உருமாற்றங்கள் என்று ஒரு சிறு நூல் எழுதினார். 1851இல் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர், மாஸ் என்ற பாசிபோன்ற சிறு செடி, பெரணி, ஊசியிலை மரம் ஆகியவற்றின் வாழ்க்கைச் சுழற்சியை நிலைக்கு நிலை பொருத்திக் காட்டினார். லைப்சிக்கில் குடும்பத்தின் இசைநூல் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, கல்லூரிப் பட்டம் இல்லாமல், கிட்டப்பார்வையோடு நுண்ணோக்கியில் இதைச் செய்தவர் அவர். தாவரவியலில் செய்யப்பட்ட மிகப் பெரிய ஒப்பீடு எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எப்படித் தீர்மானிப்பது என்பதற்கு 1952இல் அடால்ஃப் ரெமானே மூன்று அளவுகோல்களை வகுத்தார்: உடலில் நிற்கும் இடம், தனித்த உள்ளமைப்பு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை வடிவங்கள். விலங்கியலாளர் வகுத்ததுதான் என்றாலும் எலுமிச்சையில் நாம் செய்தது இதைத்தான். 1982இல் காலின் பாட்டர்சன் இன்னொரு சோதனையை வலியுறுத்தினார்: ஒத்தவை என்று சொல்லப்படும் இரண்டும் ஒரே உயிரில் சேர்ந்தே இருந்தால் அவை ஒத்தவை ஆகா. 'இலைதான் கீழேயே இருக்கிறதே' என்றோமே, அதன் ஆதாரம் இதுதான். ஆனால் தாவரத்தில் இந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. ஒரே செடி ஒரே உறுப்பை ஆயிரம் தடவை செய்கிறது; தடவைக்குத் தடவை மாற்றியும் செய்கிறது. புல்லி இதழும் அல்லி இதழும் ஒரே பூவில் இருக்கின்றன என்பதால் மட்டும் அவற்றின் உறவு அறுந்துவிடாது. ஒரே உடலுக்குள் வரிசையாக வரும் உறுப்புகளுக்கு இடையே உள்ள இந்த உறவைத் தொடர் ஒப்புமை என்கிறார்கள்.

அதற்குப் பூவைவிட நல்ல இடம் கிடையாது. அல்லிப் பூ ஒன்றை எடுத்து வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வையுங்கள். அகன்ற இதழில் தொடங்கும். போகப்போக இதழ் குறுகும். பிறகு நுனிப்பக்கம் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். அவை மகரந்தப் பைகள். அடுத்தடுத்தவற்றில் பை நீளும், தகடு மெலியும், கடைசியில் சாதாரண மகரந்தத்தாள் வந்து நிற்கும். இதழ் எங்கே முடிந்தது, தாள் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. ரெமானே கேட்ட இடைநிலை வடிவம் ஒரே பூவுக்குள் வரிசையாகக் கிடைக்கிறது.

பூங்காக்களில் நிற்கும் கல்வாழை இன்னும் வேடிக்கை. சிவப்பும் மஞ்சளுமாக நாம் 'இதழ்' என்று பார்ப்பது எதுவும் அல்லி இதழ் அல்ல. அல்லி இதழ்கள் மூன்றும் குறுகலாக, கூராக, மங்கிய நிறத்தில் கீழே ஒதுங்கியிருக்கும். பெரிதாக விரிந்திருப்பவை மலடாகிப்போன மகரந்தத்தாள்கள். உண்மையில் வேலை செய்யும் ஒரே ஒரு தாளைக் கவனித்தால், அதிலும் ஒரு விளிம்பில் மட்டும் அரை மகரந்தப்பை ஒட்டியிருக்கும். மறுபாதி வண்ணத் தகடு. அடுக்குச் செம்பருத்தியிலும் நடுவில் உள்ள குழாயில் தாள்கள் இதழாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். சில இதழ்களின் விளிம்பில் மகரந்தப்பை மிச்சமிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை 1991இல் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்சும் ஏபிசி மாதிரி என்ற பெயரில் விளக்கினார்கள். மூன்று வகை மரபணு வேலைகள். ஏ தனியாக இருந்தால் புல்லி; ஏவும் பியும் சேர்ந்தால் அல்லி; பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள்; சி தனியாக இருந்தால் சூலகம். அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் அகமஸ் என்ற சி மரபணு பழுதானால் தாள்களின் இடத்தில் இதழ்கள் வரும், சூலகத்தின் இடத்தில் இன்னொரு பூ தொடங்கும், அதற்குள் இன்னொன்று. தோட்டத்து அடுக்குப் பூக்களில் பலவற்றின் ரகசியம் இந்த வழியில்தான் இருக்கிறது. பிறகு இவற்றோடு துணைக்கு நிற்கும் செபலாட்டா மரபணுக்கள் நான்கையும் ஒருசேர முடக்கியபோது, பூவின் எல்லா வட்டங்களும் இலை மாதிரி ஆகிவிட்டன. அது 2004. அதற்கு முன்பே 2001இல், தேவையான மரபணுக் கூட்டை இலையில் வேலை செய்யவைத்து இலையை இதழாக்கியும் காட்டிவிட்டார்கள்.

கோத்தே ஜெயித்துவிட்டார் என்று அப்போது நிறையப்பேர் எழுதினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மரபணுவை எடுத்தால் இலையாகிறது என்பது, இன்றைய செடியில் இந்த உறுப்புகளுக்கெல்லாம் ஒரே அடிப்படைத் தொடக்கம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மகரந்தத்தாள் ஒரு காலத்தில் பச்சை இலையாக இருந்து பிறகு மாறியது என்பதை அது காட்டவில்லை. புதைபடிவத்தைப் பார்த்தால், 42 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய குக்சோனியா போன்ற செடிகளில் கிளை நுனியில் வித்துப்பை (விதை அல்ல, பெரணியில் உள்ளதுபோன்ற தூள்வித்துகளின் பை) இருக்கிறது. இலை என்று ஒன்றே இல்லை. வித்து தாங்கும் பகுதி இலைக்கு மூத்தது. மகரந்தப்பை அந்த வழியில் வந்தது. வளர்ச்சியில் காணும் தொடர் ஒப்புமையை வரலாற்றுக் கதையாக அப்படியே படித்துவிடக் கூடாது.

அடுத்து, உங்கள் கடைசிக் கேள்வி: ஒரே மரபணு இரண்டிலும் வேலை செய்தால் ஒரே உறுப்புதானே? ஒரே கொத்தனார் கட்டினார் என்பதற்காக இரண்டு வீடும் பங்காளி வீடாகிவிடாது. எலுமிச்சை முள்ளிலும் வெள்ளரிக் கம்பியிலும் டிசிபி இருப்பதைப் பார்த்தோம். அந்தக் குடும்பத்து மரபணுக்கள் கிளை வளர்ச்சியை அடக்கும் பழைய வேலைக்காரர்கள், மக்காச்சோளத்தில் பக்கக் கிளைகளை அடக்குவதும் அவற்றில் ஒன்றுதான். கிளையை வேறு ஏதாவதாக மாற்ற வேண்டிய இடத்தில் தனித்தனியாகக் கூப்பிடப்பட்டிருக்கலாம்.

கத்தரிச் செடி இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். காம்பிலும் புல்லியிலும் முள் உள்ள கத்தரி ரகங்களும் உண்டு, இல்லாதவையும் உண்டு. 2024இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சக்கரி லிப்மன் குழுவினர் அதன் காரணத்தைத் தேடி லாக் என்ற மரபணுவில் போய் நின்றார்கள். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தயாராவதற்கான கடைசிக் கட்ட வேலை அதனுடையது. கத்தரிப் பேரினத்தில் மனிதர் வளர்த்த பல இனங்களில், தனித்தனியாக, இதே மரபணு பழுதாகித்தான் முள் போயிருக்கிறது. அதோடு ரோஜாவில் இதன் உறவு மரபணுவை அடக்கியபோது அங்கும் முள் குறைந்தது. கத்தரியும் ரோஜாவும் பூக்கும் தாவரங்களில் தூரத்துக் கிளைகள். இடையில் உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மாதிரி முள்ளே கிடையாது. அதாவது மரபணு ஒரே வழிவந்தது, முள் தனித்தனியாக வந்தது. மரபணுவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இங்கே தப்பாகப் போயிருக்கும்.

வேர்த்தூவியில் இது உச்சம். அரபிடாப்சிஸ் வேரில் தூவி முளைக்கத் தேவையான மரபணுக்களின் உறவு மரபணுக்கள், மாஸில் மண்ணைப் பற்றும் வேரிழைகளை உருவாக்குகின்றன. மாஸின் மரபணுவை எடுத்துப் பழுதான அரபிடாப்சிஸில் போட்டால் தூவி திரும்ப வருகிறது. லியாம் டோலன் குழுவினர் 2007இல் காட்டியது இது. ஆனால் மாஸில் நாம் பார்க்கும் பச்சைச் செடி ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் கொண்ட பாலணுத் தலைமுறை. அரபிடாப்சிஸ் வேர் இரட்டைத் தொகுதி கொண்ட வித்துத் தலைமுறை. ஹோஃப்மைஸ்டர் பொருத்திக்காட்டிய கணக்கில் இவை ஒன்றுக்கொன்று எதிரே வரவே வராது. உறுப்பாக எடுத்தால் ஒப்புமை இல்லை. செல்லை நீட்டி மண்ணுக்குள் அனுப்பும் கருவித்தொகுப்பாக எடுத்தால் ஒரே பரம்பரைச் சொத்து. இதை ஆழ்ந்த ஒப்புமை என்கிறார்கள். நல்ல கருத்துதான், ஆனால் ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளில் இந்தச் சொல்லை வாரி இறைப்பதைப் பார்த்தால் கொஞ்சம் கை நடுங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இலையே இப்படிப்பட்ட ஒரு வழக்குதான். செலாஜினெல்லா போன்ற லைக்கோபைட்டுகள் என்ற விதையில்லாத பழைய பிரிவின் சிற்றிலையும், பெரணி, விதைத்தாவரங்களின் இலையும் தனித்தனியாகத் தோன்றியவை. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்துப் பாறையில் 40.7 கோடி ஆண்டுகளாகச் செல் செல்லாகப் பாதுகாக்கப்பட்டுக் கிடக்கும் செடிகளைப் பார்த்தால், அந்தக் காலத்தில் இலையில்லாமல் வெறும் தண்டாகவே இருந்தவை எத்தனை என்று தெரியும். ஆனாலும் 2005இல் செலாஜினெல்லாவைச் சோதித்தபோது, தண்டு நுனியை வளரும் நிலையில் வைத்திருக்கும் நாக்ஸ் வகை மரபணு, இலை கிளம்பும் இடத்தில் அதை அடக்கும் இன்னொரு வகை என்று, பூக்கும் செடிகளில் உள்ள அதே ஏற்பாடு அங்கும் தெரிந்தது. கிளைத்து வளரும் பழைய தண்டில் இருந்த ஏற்பாட்டை இரண்டு பரம்பரைகளும் தனித்தனியே இலைக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. மாஸின் 'இலை' பாலணுத் தலைமுறையில் வருவதால் அது மூன்றாவது கணக்கு.

மறுபக்கமும் உண்டு: உறுப்பு மாறாமல் இருக்க, மரபணு மாறிப்போவது. ஸ்னாப்டிராகன் என்ற தோட்டச் செடியின் பூவிலும் அரபிடாப்சிஸ் பூவிலும் சூலகம் சூலகம்தான், யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அரபிடாப்சிஸில் சி வேலையைச் செய்யும் அகமஸின் நேர் வாரிசு, ஸ்னாப்டிராகனில் வேறு சிறு வேலையில் இருக்கிறது. ஸ்னாப்டிராகனில் அந்த வேலையைச் செய்யும் ப்ளீனா, பழங்காலத்தில் மரபணு இரட்டித்தபோது உண்டான மற்றப் பிரதியின் வாரிசு. அந்தப் பிரதி அரபிடாப்சிஸில் காய் வெடிப்பதைக் கவனித்துக்கொள்கிறது. இரட்டித்த பிறகு கொஞ்ச காலம் இரண்டு பிரதியும் ஒரே வேலையைச் செய்திருக்கும்; பிறகு ஒரு பரம்பரையில் ஒன்று விட்டுவிட்டது, இன்னொன்றில் மற்றது விட்டுவிட்டது. கூட்டிலையிலும் இதே சங்கதி. தக்காளி இலை பிரிவதற்கு நாக்ஸ் மரபணு இலையில் மீண்டும் விழித்துக்கொள்கிறது. பட்டாணியில் அந்தப் பொறுப்பு, பூவைத் தொடங்கிவைக்கும் மரபணு ஒன்றிடம் போயிருக்கிறது.

அப்படியானால் மரபணு எதற்குத்தான் உதவும் என்று கேட்பீர்கள். இடம், உள்ளமைப்பு, எது எதற்கு உறவு என்று காட்டும் இனவழி மரம் மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு, அதைச் சோதித்துப் பார்க்க மரபணுவைப் போல வேறு எதுவும் இல்லை. திராட்சையில் பற்றுக்கம்பியும் பழக்கொத்தும் ஒரே உறுப்பின் இரண்டு முகம் என்பது கொடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று தேடினால், கம்பியாகச் சுருண்டு, நுனியில் இரண்டு மூன்று காய் பிடித்திருக்கும் ரெண்டுங்கெட்டான் கொத்துகள் கிடைக்கும். 2002இல் ஆஸ்திரேலியாவில் பாஸ், தாமஸ் இருவரும், பினோ மூனியே என்ற பிரெஞ்சு ரகத்தின் வெளிச்செல் அடுக்கிலிருந்து வளர்த்த குட்டைக் கொடியில், கம்பி வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் பூங்கொத்து வருவதைக் காட்டினார்கள். ஜிப்ரலின் ஹார்மோனுக்கு அந்தக் கொடி செவிசாய்ப்பதில்லை, அதுதான் காரணம். கண்ணால் பார்த்த சந்தேகத்தைச் சோதனை உறுதிசெய்தது. இந்த வரிசையில் போனால் மரபணு தெளிவு தரும்; தலைகீழாகப் போனால் கத்தரிக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தம் பேச வைத்துவிடும்.

சில உறுப்புகள் எந்தப் பெட்டியிலும் முழுசாக அடங்குவதில்லை. தண்ணீர்விட்டான் கொடியில் பச்சையாக ஊசிபோல் கொத்துக்கொத்தாக இருப்பவற்றை இலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையான இலை அதற்குக் கீழே செதிலாக, முதிர்ந்த தண்டில் முள்ளாக நிற்கிறது. ஊசிகள் அதன் கோணத்தில் வருகின்றன, ஆகவே தண்டு. இதன் உறவுச்செடி ஒன்றில் இந்தக் கோணத்து உறுப்பு அகன்று, பார்ப்பதற்கு அச்சு அசல் இலையாகவே இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, இலையின் மேல்புறம் கீழ்ப்புறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அதற்குள் வேலை செய்வதைக் கண்டார்கள். நிற்கும் இடத்தால் தண்டு, உள்ளே ஓடும் திட்டத்தால் இலை. பாதி ஒப்புமை என்று ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று தாவரவியலாளர் ரால்ஃப் சாட்லர் பல ஆண்டுகள் வாதாடினார். அவருக்கு முன்பே ஆக்னஸ் ஆர்பர், இலை என்பதே முழுமையடையாத ஒரு குருத்து என்று எழுதினார். மரபுவழி உருவவியலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. இந்தச் செடியைப் பார்த்தபிறகு நான் சாட்லர் பக்கம் சாய்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வெள்ளம் வடிந்ததும் பாறையில் பாசிபோல் ஒட்டிக்கிடக்கும் போடோஸ்டெமேசி குடும்பத்துச் செடிகளில் இந்தக் கலப்பு இன்னும் முற்றிவிடும். பூ வராவிட்டால் அதைப் பூக்கும் தாவரம் என்றே நம்பமாட்டீர்கள். பாறையில் தகடாகப் படர்வது பல இனங்களில் வேர். பச்சையாக, உணவு தயாரித்துக்கொண்டு. சில இனங்களில் இது தண்டா இலையா என்ற கேள்விக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு பதில் தருவார்கள்.

கடைசியாக அந்தக் கிழங்கு விஷயம். உருளைக்கிழங்கில் 'கண்' இருக்கிறது. கண் என்பது செதிலிலைத் தழும்பின் கோணத்தில் உள்ள மொட்டு. கண்கள் சுருள்வரிசையில் போவதைக் கிழங்கை உருட்டிப் பார்த்தாலே தெரியும். ஆகவே தண்டு. சர்க்கரைவள்ளியில் கணுவும் இல்லை, செதிலும் இல்லை, அது வேர். மரவள்ளியும் வேர். சேம்பும் கருணையும் இஞ்சியும் மஞ்சளும் தண்டு. வெங்காயத்தில் நாம் உரிப்பதெல்லாம் இலையடி. உருளையும் சர்க்கரைவள்ளியும் தாவர வகைப்பாட்டில் ஒரே துறையில் (குடும்பங்களின் தொகுதியில்) வரும் பக்கத்துக் குடும்பங்கள் என்றாலும் கிழங்கு ஒத்ததல்ல; உறவு நெருக்கமாக இருப்பதும் உறுப்பு ஒத்திருப்பதும் வேறுவேறு. உருளையில் கிழங்கு பிடிக்கும் காலத்தைச் சொல்லும் செய்தி, பூக்கும் காலத்தைச் சொல்லும் எஃப்டி புரதத்தின் உறவுப் புரதம் ஒன்றின் வழியாகப் போகிறது என்று 2011இல் தெரிந்தது. இரண்டாண்டுக்குப் பிறகு வெங்காயத்தைப் பார்த்தார்கள். குமிழ் பிடிப்பதற்கும் அதே குடும்பத்துப் புரதம்தான். ஒன்றில் தண்டு பருக்கிறது, மற்றதில் இலையடி பருக்கிறது.